ஃப்யூஸைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை

இப்படி உள்ளே தள்ளி உட்காருங்கள் அண்ணாச்சி, சாரல் அடிக்கிறது. டீயை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கும் சேர்த்து. இந்தக் கடைக்காரரோடு எனக்குப் பேச்சு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வடையை என் தட்டில் வைக்காமல் போட்டார். வைப்பதற்கும் போடுவதற்கும் வித்தியாசம் இல்லையா? சீனி குறைவாக என்று சொல்லுங்கள்.

எதிரே ஒரு கடை தெரிகிறதே, வாசலில் ஒயர்ச் சுருள் தொங்குகிறதே, அந்தப் போர்டை வாசியுங்கள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும். பேச்சியம்மாள் எலக்ட்ரிக்கல்ஸ். அதுதான். பேச்சியம்மாள் யார் தெரியுமா? என் பெண்டாட்டி. கடைக்காரன் அவள் தம்பி முப்பிடாதி. என் பெண்டாட்டி பெயரைத் தன் கடைக்கு வைத்தானே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? நான்தான் அவனோடு பேசுவதில்லையே, எப்படிக் கேட்பான் என்பீர்கள். கேட்டிருக்க வேண்டும். நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். பெரிய காரியம் இல்லை. ரோட்டைக் கடந்து போய், "கை எப்படி இருக்கு என்று உங்கள் அத்தான் சங்கிலி கேட்கச் சொன்னார்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவன் சொல்கிற பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் என்னிடம் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

நேராக நான் கேட்டால் என்ன என்கிறீர்களா? அப்படித்தான் பேச்சியும் சொல்கிறாள். அவன் கையைப் பற்றி என் வாயால் நான் நேராகக் கேட்கிற வரைக்கும் பஜ்ஜிக்கு மாவு கரைக்க மாட்டாளாம். ஐந்தருவி கார் ஸ்டாண்டில் என் வண்டி ஆறு நாளாகத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அருவியில் தண்ணீர் வெள்ளையாக விழுகிறது. சனம் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து, என் வண்டியைப் பார்த்து, எதிர்த்த வண்டிக்குப் போகிறது. அந்த வண்டிக்காரன் பஜ்ஜி, அண்ணாச்சி, கடித்தால் மிளகாய் தனியாகவும் மாவு தனியாகவும் வரும். எனக்கு வருஷம் முழுவதற்கும் இந்த இரண்டரை மாதச் சீசன்தான். அதில் மூன்று வாரம்தான் மிச்சம் இருக்கிறது. நானே ஒரு நாள் மாவு கரைத்துப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் வாயால் உங்களிடம் சொல்லி, நீங்கள் போய்ச் சொன்னால், அது என் வாயால் கேட்டதுதானே? அதே வாய்தானே?

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் முப்பிடாதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கார், பூவெல்லாம் கட்டி நிற்கிறது. அவனுக்குக் கூடப் பிறந்தவள் பேச்சி ஒருத்திதான். அவள் புருஷன் நான் ஒருத்தன்தான். காரில் நான் ஏறாமல் வேறு எவன் ஏறுவான்? புது வேட்டியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முப்பிடாதி சொல்கிறான், "அத்தான், கார்ல கூட்டமா இருக்கு. நீங்க பின்னால வேன்ல வாங்க" என்று. வேனில் போய்ப் பார்த்தால் சமையல் சாமான். சுரண்டையிலிருந்து தென்காசி வரைக்கும் ரச அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கரண்டி ரசம் என் வேட்டியில். மாப்பிள்ளையின் அத்தான் என்று எல்லாரும் வந்து கை கொடுக்கிறார்கள், என் மேல் பெருங்காய வாசனை.

காரில் என் இடத்தில் உட்கார்ந்தது யார் என்று பிறகு விசாரித்தேன். அவனுடைய பெரியம்மா. முட்டி வலியாம். வேனில் ஏற முடியாதாம். முட்டி வலி எனக்கு வராதா? இப்போது இருக்கிறதே!

அன்றோடு நிறுத்தினேன். பதினொரு வருஷம், ஒரு வார்த்தை இல்லை. சண்டையும் இல்லை, கவனியுங்கள். அவன் வீட்டுக்கு வருவான், போவான், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பான். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தான். எனக்கு என்ன கோபம் தெரியுமா? நான் பேச முடியாத நேரம் பார்த்து வந்திருக்கிறான்.

பேச வேண்டியது வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் பேச்சியிடம் சொல்வேன். பேச்சி அவனிடம் சொல்வாள். அவன் பேச்சியிடம் சொல்வான். பேச்சி என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தாலும் முறை முறைதான். பெயருக்கு ஏற்ற மாதிரி பேச்செல்லாம் அவள் வழியாகத்தான்.

இப்போது இந்த வருஷச் சீசனுக்கு வருகிறேன். கடைகளுக்கு ஏலம் எடுத்தவர் ஆனி மாதமே சொல்லிவிட்டார், பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்து பல்பு போடுகிற வேலை இனிமேல் நடக்காது, சாரலில் தகரத்தில் கரண்டு இறங்கினால் யார் பதில் சொல்வது, வண்டிக்காரன் எல்லாம் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இல்லாத வண்டிக்கு இடம் இல்லை என்று. நான் பேச்சியிடம் பொதுவாகச் சொன்னேன், "பேட்டரி லைட் போடத் தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல யாராச்சும் இருப்பான்" என்று. மறுநாள் காலையில் முப்பிடாதி பைக்கில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். காசும் வாங்கவில்லை. காசு வாங்காமல் வேலை செய்தால் என்ன அர்த்தம்? குறை சொல்ல முடியாமல் என் வாயைக் கட்டுகிறான்.

எல்ஈடி ஸ்ட்ரிப் பார்த்திருப்பீர்கள். ரிப்பன் மாதிரி இருக்கும், உள்ளே பொட்டுப் பொட்டாக விளக்கு, பின்னால் பசை. வண்டிக் கூரையைச் சுற்றி அதை ஒட்டிக்கொண்டே அவன் பேசினான். பேச்சி நடுவில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். புது எண்ணெய், பதம் பார்க்க வாழைக்காய் போட்டிருந்தாள்.

"அக்கா, அத்தான்ட்ட சொல்லு. பேட்டரி அடுப்புப் பக்கம் வேண்டாம். அந்தக் கோடில பொட்டிக்குள்ள இருக்கட்டும், பொட்டி மூடில ஓட்டை போட்டிருக்கேன்."

"அந்தக் கோடில இருக்கட்டுமாம். மூடில ஓட்டையாம்."

"பேட்டரிக்கு எதுக்கு ஓட்டைன்னு கேளு. அது என்ன காத்து வாங்கவா வந்திருக்கு?"

"சார்ஜ் ஏறும்போது அதுவும் மூச்சு விடும்னு சொல்லுக்கா."

"மூச்சு விடுமாம்."

"இந்த வண்டில எனக்கே மூச்சு விட இடமில்லன்னு சொல்லு."

"தொப்பையைக் குறைங்க, ரெண்டு பேரும் விடலாம்" என்றாள் பேச்சி. அது அவன் சொன்னதா அவளாகச் சேர்த்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் சிரித்தான். அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு சொன்னான், "இது பன்னண்டு வோல்ட்டு, ஷாக் அடிக்காதுன்னு சொல்லு." பேச்சி சொன்னாள், "ஷாக் அடிக்காதாம்." சரி. அது என்னிடம் சொல்லப்பட்டது. எனக்குத் தெரியும். ஷாக் அடிக்காது.

அந்த நேரம் பார்த்து வாழைக்காய் கருக ஆரம்பித்தது. பேச்சி சட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். அவன் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டு போகிறான். "ஷாக் இல்லைன்னு அசட்டையா இருந்துரக் கூடாதுக்கா. ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சுன்னா பேட்டரில உள்ள அம்புட்டும் ஒரே நேரத்துல ஓடி வரும், ஒயரு சூட்டுல பழுத்துரும். அதுக்குத்தான் பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு சாண்ல ஃப்யூஸ் போட்டிருக்கேன். அஞ்சு ஆம்பியர். இந்த ஒரு ஸ்ட்ரிப்புக்கு அது போதும். மேக்கொண்டு எதையும் சேக்க வேண்டாம். ஸ்ட்ரிப்பை வெட்டணும்னா கத்தரிக்கோல் படம் போட்ட எடத்துல வெட்டணும், வெட்டுன முனையை மெழுகு மாதிரி இந்தப் பசை வச்சு அடைக்கணும், சாரல் தண்ணி உள்ள போகக் கூடாது. ஃப்யூஸ் போச்சுன்னா எங்கயோ தப்பு நடந்துருக்குன்னு அர்த்தம். லைட்டை அணைச்சுட்டு எனக்கு ஒரு போன் போடச் சொல்லு."

"சரில" என்றாள் பேச்சி, வாழைக்காயைப் பார்த்து.

அவ்வளவுதான். என்னிடம் சொல்லவில்லை.

நான் எங்கே நின்றேன் என்றா கேட்கிறீர்கள்? பக்கத்தில்தான். ஒரு முழம் இருக்கும். காதில் விழுந்ததா? விழுந்தது. அண்ணாச்சி, காதில் விழுவது வேறு, சொல்லப்படுவது வேறு. பக்கத்து வீட்டில் பேசுவதெல்லாம்கூடத்தான் காதில் விழுகிறது. அதற்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியுமா? அவள் என்னைப் பார்த்துத் திரும்பி, "இன்னது சொல்லுதான்" என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். பதினொரு வருஷமாக நடக்கிற முறை. அதை வாழைக்காய்க்காக மாற்ற முடியுமா?

லைட் போட்டதும், உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி ஜொலித்தது. பஜ்ஜியின் நிறமே தனியாகத் தெரிந்தது. பத்து நாள் நல்ல கூட்டம். பிறகு எதிர்த்த வண்டிக்காரன் சிவப்பும் நீலமும் போட்டான். அவனுக்கு ஓடுகிற லைட்டு, எனக்கு நிற்கிற லைட்டு. சனம் ஓடுகிற லைட்டைப் பார்க்குமா, நிற்கிற லைட்டைப் பார்க்குமா?

நான் தென்காசி போய்ச் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று வாங்கி வந்தேன். முப்பிடாதி கடையில் வாங்கவில்லை. அவன் பழைய ஒயரிலேயே மூன்றையும் முறுக்கிச் சேர்த்தேன். பச்சை நீளமாகத் தொங்கியது, அரிவாள்மனையில் வைத்து ஒரே வெட்டு. படம் போட்ட இடமா என்று பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு, ஆறரை இருக்கும். சாரல் பொடிப்பொடியாக விழுகிறது, வண்டியைச் சுற்றி ஈரத் தலையாக நிற்கிறது. நாலு கலரும் எரிகிறது. திடீரென்று எல்லாம் போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஃப்யூஸ். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே மயிர் மாதிரி ஒரு கம்பி, அறுந்து கிடக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதையா போட்டுக் கொடுத்தான்? பக்கத்திலேயே ஒரு கவரில் இன்னும் இரண்டு ஃப்யூஸ் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல சாமான் கொடுக்கிறவன் கூடவே மாற்றுச் சாமான் இரண்டு கொடுப்பானா? பலமில்லாத சாமான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஒன்றை எடுத்துப் போட்டேன், பட்டென்று போனது. இன்னொன்றைப் போட்டேன், அதுவும் போனது.

வண்டிப் பலகையிலிருந்து ஒரு அங்குல ஆணி ஒன்றைப் பிடுங்கினேன். ஃப்யூஸ் இருந்த இடத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. லைட்டும் எரிந்தது. மயிர் மாதிரிக் கம்பி எங்கே, இரும்பு ஆணி எங்கே! எது உறுதி, நீங்களே சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் முப்பிடாதியும் அங்கேதான் நின்றான். ஞாயிறுதோறும் வருவான். கூட்டத்தோடு கூட்டமாக நின்று, என்னிடம் கேட்காமல் பேச்சியிடம் கேட்டு வாங்கித் தின்பான். நாலு கலரையும் அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பேச்சி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். முறை தெரிந்தவன்தான்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு கூரையோரமாகப் புகை. ஒயரின் தோல் உருகித் தார்ப்பாயில் சொட்டுகிறது. கீழே கொதிக்கிற எண்ணெய். அதற்குக் கீழே கேஸ் சிலிண்டர். பேச்சி நிற்கிற இடத்தைப் பார்த்துச் சொன்னேன், "பேச்சி, உன் தம்பிட்ட சொல்லு, பொகை வருது!"

அவனும் அதே இடத்தைப் பார்த்துச் சொன்னான், "அக்கா, அத்தானை பேட்டரி ஒயரைப் புடுங்கச் சொல்லு!"

அந்த இடத்தில் கடலைமாவுப் பாத்திரம்தான் இருந்தது.

மதுரைக்காரர் ஒருவர் வாயில் பஜ்ஜியோடு நடுவில் நின்றார். "யாருட்டய்யா பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றார். முப்பிடாதி அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அவருட்ட ஒயரைப் புடுங்கச் சொல்லுங்க!"

"அண்ணே, ஒயரைப் புடுங்கணுமாம்ணே."

"எந்த ஒயருன்னு கேளுங்க."

"எந்த ஒயருன்னு கேக்குறாரு."

"பேட்டரி ஒயரு!"

"பேட்டரி ஒயராம்."

"பேட்டரில ரெண்டு ஒயரு இருக்கு. எதுன்னு தெளிவா கேளுங்க."

மதுரைக்காரர் அவன் பக்கம் திரும்புவதற்குள் அவன் தாண்டிக் குதித்துவிட்டான். இடது கையால் சிலிண்டரை மூடினான். பழுத்துக் கிடந்த ஒயரை வலது கையால் வெறுங்கையோடு பிடித்து ஒரே இழுப்பு. லைட் எல்லாம் போனது. ஒயரின் தோல் அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு சத்தம் போட்டான், அண்ணாச்சி. யாரிடமும் சொல்லாத சத்தம்.

பேச்சி குடத்தோடு வந்தாள். குடத்துத் தண்ணீரில் அவன் கையை முக்கினாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். ஆணி அவள் கையில் வந்தது.

"இது என்ன?"

"ஃப்யூஸ்."

"ஃப்யூஸா?"

"பலமான ஃப்யூஸ்."

"அன்னைக்கு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே, காதுல விழலையா?"

"நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றேன்.

பேச்சி எதையும் எடுத்து எறிகிறவள் இல்லை. ஆணியை என் சட்டைப் பையில் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல நான் யாருக்கும் போஸ்ட்மேன் இல்ல. அவன் கை எப்படி இருக்குன்னு உங்க வாயால நேரா கேட்டுட்டு வாங்க. அன்னைக்கு மாவு கரைக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினாள். நான் பின்னாலேயே நடந்து போனேன். டீ குடிக்க. ஆஸ்பத்திரி வாசலில் டீ நன்றாக இருக்கும். ராத்திரி அவன் வெளியே வருகிற வரைக்கும் ஏழு டீ குடித்தேன்.

மறுநாளே அவன் இன்னும் ஒரு வேலை செய்தான், கேளுங்கள். நான் வீட்டில் இருக்கும்போது கார் ஸ்டாண்டுக்குப் போய், கருகிய ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயர் போட்டு, தடிமனான ஒயர், நாலு கலருக்கும் தனித்தனி ஃப்யூஸ் வைத்து, வெட்டிய முனையெல்லாம் பசை வைத்து அடைத்துவிட்டு வந்திருக்கிறான். வலது கையில் கட்டு. அப்படியானால் எந்தக் கையால் செய்தான்? இடது கையால்! நான் தொழில் பண்ணுகிற வண்டியை இடது கையால் தொட்டிருக்கிறான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்குரூ டிரைவர் பிடிக்க மூன்று வாரம் ஆகுமாம். பேச்சி சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவனுக்கும் சீசன்தான், லாட்ஜுக்காரர்கள் வந்து வந்து திரும்பிப் போகிறார்கள். நாலு நாளாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. சீழ் கீழ் வைத்துவிட்டதோ என்னவோ. அதனால்தான் உங்களை… நான் கேட்கச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பொதுவாகக் கேளுங்கள். வலி எப்படி, விரல் மடங்குகிறதா, ராத்திரி தூங்குகிறானா. இவ்வளவும் கேளுங்கள்.

கிளம்புங்கள், சாரல் விட்டமாதிரிதான் இருக்கிறது. இருங்கள், இருங்கள். அவனே எழுந்திருக்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான். ரோட்டில் இறங்கிவிட்டான். என்னைப் பார்க்காதீர்கள், நாம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி… குடையும் இல்லாமல் வருகிறான் பாருங்கள், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, செங்கோட்டையிலிருந்து மரம் ஏற்றி வருகிற லாரி எப்படி வரும் என்று…

"ஏல முப்பிடாதி! லாரி வருதுல, நில்லு அங்கயே!"

நின்றுவிட்டான். லாரி போய்விட்டது.

இல்லை அண்ணாச்சி, அது பேச்சில் சேராது. ரோட்டில் குறுக்கே வருகிற மாட்டைக்கூட அப்படித்தான் சத்தம் போடுவோம். நீங்கள் சாட்சி, நான் பேசவில்லை, சத்தம்தான் போட்டேன். வருகிறான். கட்டெல்லாம் நனைந்து, மண்ணாங்கட்டி மாதிரி…

"அறிவிருக்கால உனக்கு? கட்டை நனைச்சுக்கிட்டா வாரது? சீழ் வச்சா யாருல பாக்கது? எப்படி இருக்கு கை? காட்டு. வெரல மடக்கு பாப்போம். முழுசா மடக்குல!"

அண்ணாச்சி, நீங்கள் எதற்கு அதையே திரும்ப அவனிடம் சொல்கிறீர்கள்? அவனுக்கென்ன காது இல்லையா? டீயைக் குடியுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் எதற்கு?